பாட்டின் நடுவே ஒரு யல்லா

வளைகுடாவில், முவைலா என்ற பகுதியில் ஒரு கஃபட்டீரியா. டிவியில் பிலிப்பினோ பெண் ஒருத்தி, உலகமே திரும்பத் திரும்பப் பாடிய பழைய ஆங்கிலக் காதல் பாட்டொன்றை உருகிப் பாடுகிறாள். இரண்டாம் சரணம் முடிந்ததும் திடீரென்று "யல்லா, யல்லா!" என்று கத்துகிறாள். மூலப் பாட்டில் அப்படி எதுவும் கிடையாது.

"அது நான் போட்ட சத்தம் சார்" என்கிறார் பக்கத்தில் டீ குடிப்பவர். அறந்தாங்கிக்காரர். வாசலில் நிற்கும் தொழிலாளர் கேம்ப் பஸ்ஸின் டிரைவர்.

"நீங்களா?"

"நம்ம கேம்ப்ல ஒருத்தன் இதைத் தமிழ்ல எழுதி, என் பஸ்சுல உக்காந்து போன்ல பாடுனான். டூட்டிக்கு நேரமாச்சு, சீக்கிரம் ஏறுங்கன்னு கீழ நின்னவங்களப் பாத்து அரபில யல்லா யல்லான்னு கத்துனேன். அதுவும் பதிவாயிருச்சு. அப்படியே நெட்டுல போட்டுவிட்டுட்டான். அப்பறம் மலையாளத்துல பாடுனாங்க, உருதுல பாடுனாங்க. வரியெல்லாம் மாத்துனாங்க. என் யல்லாவ மட்டும் ஒருத்தரும் விடல."

"இந்தப் பெண் எப்படிப் பாடுகிறாள்?"

"குரல் தங்கம் சார். ஆனா யல்லாவுல கோவம் பத்தல. இப்புடி இருக்கணும்."

நெஞ்சை நிமிர்த்திக் கத்திக் காட்டுகிறார்.

வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கப்பைப் போட்டுவிட்டு பஸ்ஸை நோக்கி ஓடுகிறார்கள்.