நாகேஸ்வரியின் வெட்டுப்புள்ளி

கொழும்பில் ஸ்டெதஸ்கோப் மாட்டித் திரிகிற டொக்டர்மார் எல்லாரும் சவுந்தரநாயகம் மாஸ்டரிடம் இரசாயனம் படித்தவர்கள். இது அவருடைய கணக்கு. யாராவது புருவத்தை உயர்த்தினால், "கொஞ்சம் கூட்டித்தான் சொல்லிப்போட்டன். பாதிப்பேர் எண்டு வையுங்கோ" என்று இறங்கி வருவார். கொழும்புக் காலி வீதியில் மீசை கறுப்பாயிருந்த காலம் தொடங்கி ரியூசன் நடத்தியவர், அவ்வளவுக்கு விட்டுக்கொடுக்கலாம். வகுப்பு வாசலில் இருந்து வரவு பதிந்தது அவருடைய மனைவி நாகேஸ்வரி.

அந்த நாகேஸ்வரி இப்போது ஒரே குழம்புக்கு இரண்டு தரம் உப்புப் போடுகிறார். சந்தைக்குப் போய் வந்து, எந்த மாடியில் வீடு என்று தெரியாமல் லிஃப்டுக்குள் நிற்கிறார். ரொறொன்ரோவில் இருக்கும் மகள் உஷாந்தி போனில் விளங்கப்படுத்தினாள். அல்சைமராக இருக்கலாமாம். மூளையில் படிகிற புரதத்தை அகற்ற, சேலைன் மாதிரி ஏற்றும் புது மருந்துகள் வந்திருக்கின்றனவாம். நோயைச் சற்று மெதுவாக்குமாம். ஆனால் ஆரம்ப நிலையில் இருப்பவர்களுக்குத்தான் கொடுப்பார்களாம். ஞாபகச் சோதனையில் புள்ளி மிகவும் இறங்கினால் இல்லையாம்.

மாஸ்டரின் காதில் விழுந்தது ஒன்றுதான்: பல்கலைக்கழக அனுமதிக்குப் போல இதற்கும் வெட்டுப்புள்ளி உண்டு. எத்தனையோ பிள்ளைகளைக் கம்பஸுக்கு ஏற்றிவிட்ட மனிதர் சும்மா இருப்பாரா? இணையத்தைக் கிளறி மாதிரி வினாக்களை எடுத்தார். நாகேஸ்வரிக்குக் காலையில் ஒரு வகுப்பு, பின்னேரம் மீட்டல். தேதி, கிழமை, மணிக்கூட்டுப் படம் கீறுதல். ஞாபகம் வைக்க வேண்டிய சொற்களுக்கு ஒரு சூத்திரம்கூடக் கட்டினார்: பஸ்ஸுக்குள் கதிரை, கதிரைக்கு மேல் ரோசாப்பூ.

"கலியாணம் கட்டினது வகுப்பில இருக்கவோ?" என்றார் நாகேஸ்வரி. என்றாலும் படித்தார்.

ஞாபக மருத்துவரின் அறைக் கதவில் நுஹா என்ற பெயரைக் கண்டதும் மாஸ்டரின் நெஞ்சு நிமிர்ந்தது. "எங்கட வகுப்பில படிச்ச பிள்ளைதான். பயப்பிடாதையும்."

"அன்ட்டி, நான் மூணு சொல் சொல்றன், மனசில வச்சுக்கோங்க" என்று டொக்டர் தொடங்கினார்.

"பஸ், கதிரை, ரோசாப்பூ."

டொக்டர் பேனையை வைத்தார். "நான் இன்னும் சொல்லவே இல்லியே."

"இவர் சொல்லித் தந்தவர்," என்று நாகேஸ்வரி கையை நீட்டினார். "கேள்விப் பேப்பர் முதலே வெளியில வந்திட்டுது, பிள்ளை."

மாஸ்டர் செருப்பைப் பார்த்தார். "வெட்டுப்புள்ளி தவறினா மருந்து தரமாட்டியள் எண்டு..."

"சேர், இவங்க ஃபுல் மார்க்ஸ் எடுத்திருந்தா, ஒண்டும் இல்லண்டு வீட்டுக்கு அனுப்பியிருப்பன். மருந்து தொடங்குற நேரம் வீணாப் போயிருக்கும்."

இதைக் கேட்டபோதுதான் மாஸ்டருக்கு விஷயம் உறைத்தது. தான் கெட்டிக்காரத்தனமாகக் கதவைப் பூட்டிவிட்டு வெளியே நின்றது விளங்கியது.

டொக்டர் வேறு சொற்களைக் கொடுத்தார். சிறிது நேரம் கழித்துக் கேட்டபோது மூன்றில் ஒன்றுதான் திரும்பி வந்தது. கீறச் சொன்ன மணிக்கூட்டில் இலக்கங்கள் எல்லாம், ஒரு பக்கம் சரிந்த பஸ்ஸைப் போல, வலப்பக்கமே குவிந்து கிடந்தன. மாஸ்டரின் வாய் விடையைச் சொல்லத் துடித்தது; கையால் பொத்திக்கொண்டார்.

"இன்னும் ஆரம்பந்தான்," என்றார் டொக்டர். "ஏத்துற மருந்து இங்க லேசாக் கிடைக்காது. கிடைச்சாலும் மூளை வீங்கலாம், ரத்தம் கசியலாம். அடிக்கடி ஸ்கேன் பாக்கணும். எல்லாருக்கும் பொருந்தாது. இப்ப விழுங்குற டொனெபெசில் குளிசை தொடங்குவம். சுகப்படுத்தாது, அன்றாட வேலைக்குக் கொஞ்சம் கை குடுக்கும். தைரொயிட், விற்றமின் ரத்தச் சோதனையும் செய்வம். சேர், வகுப்பை நிப்பாட்டுங்க. அன்ட்டியோட பீச்சில நடங்க."

மருந்துத் துண்டை வாங்கியதும் மாஸ்டருக்கு உயிர் வந்தது. எழும்பும்போது பழைய குணமும் கூடவே எழும்பியது. "பாத்தீரே நாகேஸ், நான் படிப்பிச்ச பிள்ளை எண்டபடியால்தான் இவ்வளவு தெளிவு."

நாகேஸ்வரி டொக்டரின் முகத்தை உற்றுப் பார்த்தார். "இவ எங்க உங்களிட்டப் படிச்சவ? வகுப்புக்கு வந்தவர் இவவின்ர அண்ணன், இப்ஹாம் நானாதான். இவ ரெட்டைப் பின்னலோட வாப்பாவின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு வாசலில நிப்பா. அந்த இப்ஹாமும் ரெண்டாம் கிழமையோட வகுப்பை விட்டு நிண்டிட்டார். நீங்கள் படிப்பிக்கிறது விளங்கேல்லையாம்."