அக்காவின் குரலில் கேள்விகள்

பழவேற்காட்டை ஒட்டிய ஒரு கடலோரக் குப்பம்தான் என் ஊர். வேலை சென்னையில், ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில். மருத்துவக் கேள்வித்தாள்களைத் துண்டு துண்டாகக் கோத்துக்கொள்ள உதவும் நிரல் தொகுப்பு ஒன்றை எழுதிக்கொண்டிருந்தோம். சர்க்கரைக்கு ஒரு துண்டு, ரத்த அழுத்தத்துக்கு ஒன்று, மனச்சோர்வுக்கு ஒன்று. எந்த ஊருக்கு எது தேவையோ அதை எடுத்து இணைத்துக்கொள்ளலாம். படிக்கத் தெரியாதவர்களுக்காகக் கேள்விகளுக்குக் குரலும் சேர்த்தோம்.

முதலில் பதிவான குரல் என் அக்காவுடையது. பொன்னேரி சந்தையில் மீன் விற்றவள். லீவில் ஊருக்குப் போயிருந்தபோது, மின்விசிறியை நிறுத்திவிட்டு என் போனில் பேசவைத்தேன். "தலை சுத்துதாமா?" என்று கேட்டுவிட்டு அவளே சிரித்துவிடுவாள். மறுபடி முதலிலிருந்து. "எனக்கே சுத்துதுடி, ஃபேனப் போடு" என்பாள்.

அடுத்த மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. பொன்னேரியிலிருந்து சென்னைக்குக் கொண்டுவரும் வழியில், ஆம்புலன்ஸிலேயே போய்விட்டாள். நான் ஆஸ்பத்திரி வாசலில் காத்துக்கொண்டிருந்தேன்.

காரியமெல்லாம் முடிந்து சில மாதங்கள் கழித்து, நான் ஊரில் இருந்தபோது, சுகாதாரப் பணியாளர் ஒருவர் எங்கள் கேள்விகள் ஏற்றிய டேப்லெட்டோடு வீட்டுக்கு வந்தார். வெளியூர்ப் பெண், அவருக்கு ஒன்றும் தெரியாது. நான் உள்ளேயிருந்து ஓடி வருவதற்குள் அக்கா பேசிவிட்டாள்.

"ராத்திரில தூக்கம் வருதாமா?"

அம்மா டேப்லெட்டையே பார்த்தாள். "எங்கடி வருது" என்றாள் மெதுவாக.

"வேளைக்குச் சாப்புடுறீங்களாமா?"

"நான் சாப்புடறேன். உங்க நைனாதான் சரியா சாப்புடறதில்ல."

வலை பிரித்துக்கொண்டிருந்த நைனா, அதை அப்படியே போட்டுவிட்டு எழுந்து வெளியே போனார்.

அடுத்த கேள்வி பிற்பாடு சேர்த்தது. வேறொரு பெண்ணின் குரல், திருத்தமான தமிழ். அம்மா என் பக்கம் திரும்பி, "இன்னா, அவ போயிட்டாளா?" என்று கேட்டாள்.

இரண்டு குரல்கள் மாறி மாறி வருவது கேட்பவர்களைக் குழப்புகிறது என்று அலுவலகத்தில் எல்லாவற்றையும் புதிய குரலுக்கு மாற்றச் சொன்னார்கள். அந்த வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். வேறு யாரோ அவளை அழிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது.

அடுத்த முறை ஊருக்குப் போனபோது, அக்கா பேசியதையெல்லாம் அம்மாவின் போனில் போட்டுத் தரட்டுமா என்றேன்.

"வேணாம்மா" என்றாள். "தூக்கம் வருதா, சாப்டியானு அவ கேட்டுனே இருப்பா. நான் கேக்கறதுக்கு ஒண்ணும் சொல்ல மாட்டாளே."

என் போனில் அவை இன்னும் இருக்கின்றன. நானும் போட்டுக் கேட்டதில்லை.