வெள்ளை வேட்டியும் ஒரு விசா படமும்

பிள்ளை பெற்ற முதல் மூன்று மாதம் நான் ஒழுங்காகத் தூங்கவும் இல்லை, முழுசாக விழித்திருக்கவும் இல்லை. மகனுக்கு விசா படம் எடுக்கப் போனது அந்த மயக்கத்தில்தான். இன்றைக்கு நினைத்தாலும் எல்லாம் தண்ணீருக்கு அடியில் நடந்த மாதிரி இருக்கிறது.

மஸ்கட்டிலிருந்து கணவர் ஒரு பட்டியல் அனுப்பியிருந்தார். பின்னணி வெள்ளையாக இருக்க வேண்டும். இரண்டு கண்ணும் திறந்திருக்க வேண்டும், வாய் மூடியிருக்க வேண்டும். நேராகப் பார்க்க வேண்டும். முகத்தில் நிழல் விழக் கூடாது, வேறு யாருடைய கையும் தெரியக் கூடாது. இதை எழுதிய புண்ணியவான் பிள்ளைக்குட்டி இல்லாதவராகத்தான் இருக்க வேண்டும். என் மகன் கண் திறந்தால் வாயும் திறக்கும், வாய் மூடினால் கண்ணும் மூடிவிடும். பாஸ்போர்ட்டுக்கு எப்படியோ ஒப்பேற்றிவிட்டோம். அந்தப் படம் விசாவுக்கு ஆகாதாம்.

சலித்துக்கொண்டேனே தவிர, அவசரம் எனக்குத்தான். விடுமுறை முடிந்து அவர் விமானம் ஏறிய நான்காம் நாள் பிள்ளை பிறந்தது. பெற்ற மகனை அவர் இன்னும் தொட்டுப் பார்க்கவில்லை. தினமும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போனில் கூப்பிட்டு, தூங்குகிற பிள்ளையிடம் பேசிக்கொண்டிருப்பார். விசா வந்தால்தான் நாங்கள் அவரிடம் போக முடியும்.

மேலப்பாளையத்தில் ஒரு ஸ்டுடியோ இருக்கிறது. வளைகுடாவுக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் அங்கேதான் படம் எடுப்பார்கள். பாளையங்கோட்டையிலிருந்து நானும் அப்பாவும் பிள்ளையோடு ஆட்டோவில் போனோம். கால்வாயும் வயலும் கூடவே வந்தன. எவ்வளவு நேரம் போனோம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

ஸ்டுடியோவை நடத்தும் பாய் என்னை ஒரு ஸ்டூலில் உட்காரவைத்து, தலையோடு காலாக ஒரு வெள்ளை வேட்டியைப் போர்த்தினார்.

"தாயி, நீங்கதான் இப்போ சுவரு. பிள்ளைய மடியில நிமித்திப் பிடிச்சுக்கோங்க. கை மட்டும் வேட்டிக்கு உள்ளயே இருக்கட்டும்."

வேட்டிக்குள் நீலம் போட்ட துணியின் வாசனை. வெளிச்சம் பாலாக இறங்கியது. மின்விசிறிச் சத்தம் எங்கேயோ தூரத்தில் கேட்டது. மகனின் பிடரி என் உள்ளங்கையில் வெதுவெதுப்பாகக் கிடந்தது. பாய் கிலுகிலுப்பையை ஆட்டினார், கை தட்டினார், ஆடு மாதிரிக்கூடக் கத்திப் பார்த்தார். "ஒரு கண்ணத் திறக்கான்... மூடிட்டான். கொட்டாவி விடுதான்" என்று நடப்பதைச் சொல்லிக்கொண்டே இருந்தார். நடுவில் சுவரும் கொஞ்சம் தூங்கிவிட்டது.

பிள்ளைக்குப் பால் கொடுக்க உள் அறைக்குப் போனபோதுதான் எனக்கு அந்தப் பயம் வந்தது. இந்த முகம் முன்பின் தெரியாத தேசத்துக்குப் போகும், யார் யாரோ பார்ப்பார்கள். எங்கள் வீடு மூன்று தலைமுறையாக வேதக்கார வீடு, கிறிஸ்தவக் குடும்பம், பொட்டு என்ற பேச்சே கிடையாது. நானோ இயற்பியல் படித்தவள், திருஷ்டி கிருஷ்டி என்றால் சிரிப்பவள். ஆனாலும் கண்ணுக்கு இட வைத்திருந்த மையை எடுத்து அவன் கன்னத்தில் ஒரு பொட்டு வைத்தேன். வைத்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

ஒருவழியாகக் கண் திறந்து ஒரு படம் கிடைத்தது. பாய் அதைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தார்.

"கன்னத்துல மை இருக்கு தாயி. அழிச்சிரட்டா?"

"இருக்கட்டும் பாய். மச்சம்னு நினைச்சுக்கிடுவாங்க."

பக்கத்தில் நின்ற அப்பா தெருவில் போகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு வாரத்தில் விண்ணப்பம் திரும்பி வந்தது. முகத்தில் கறை இருக்கிறது, வேறு படம் அனுப்பவும் என்று இருந்தது. போனில் கணவரிடம் மறைக்கவில்லை, சொல்லிவிட்டேன்.

"ஏன் வச்ச?"

"எல்லாரும் பாப்பாங்கள்லா. அதான்."

"எல்லாரும் பாத்தாச்சு. நான் ஒருத்தன்தான் இன்னும் பாக்கல" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசியிருப்பேன். அவர் மெதுவாகத்தான் சொன்னார். என்மேல் எனக்கு வந்த வெறுப்புக்கு அளவே இல்லை.

மறுபடியும் ஆட்டோ, மறுபடியும் அந்த ஸ்டூல். இந்தத் தடவை நான் மையைத் தொடவே இல்லை. அப்பா வாழ்நாள் முழுக்கத் தலைமையாசிரியராக இருந்தவர், எங்கள் சபைக் கோயில் கமிட்டியில் இருப்பவர். அவர் தன் சட்டைப்பையிலிருந்து மை டப்பியை எடுத்தார். குனிந்து, பேரனின் உள்ளங்காலில் சின்னதாக ஒரு பொட்டு வைத்தார்.

"ஜெபம் பண்ணியாச்சு. இதுவும் கிடக்கட்டும். படத்துல வராது."

வேட்டி மேலே விழுந்தது. பழைய பால் வெளிச்சம், பழைய வாசனை. பிள்ளை அசையாமல் தூங்கினான். பாய் ஆடு கத்தினார், பலனில்லை. மத்தியானம் ஆகிவிட்டது. அப்பா கையில் இருந்த என் போன் அடித்தது.

"மருமகன்தான். அப்புறம் பேசச் சொல்லட்டா?"

"இல்ல, இல்ல, இங்கன கொண்டாங்க" என்று பாய் அதை வாங்கி, கேமராவுக்குப் பக்கத்தில் ஸ்பீக்கர் போட்டு வைத்தது எனக்கு உள்ளிருந்தே தெரிந்தது.

"ஏலே ராசா, அப்பா பேசுதேன். இங்கன பாரு லே. அப்பாவப் பாரு."

எனக்கு எதுவும் தெரியவில்லை, வெள்ளை மட்டும்தான். ஆனால் உள்ளங்கையில் அந்தச் சின்னப் பிடரி அசைந்தது. பைய இடது பக்கம் திரும்பியது. பிறகு நிமிர்ந்து அப்படியே நின்றது. இரண்டு மாதமாகத் தூங்குகிற பிள்ளையிடம் அவர் பேசியதெல்லாம் வீணாகப் போகவில்லை. அதைக் கண்ணால் பார்க்காமல் கையால்தான் தெரிந்துகொண்டேன்.

"முழிச்சிட்டான்" என்றார் பாய் ரகசியமாக. ஏழெட்டுத் தடவை அமுக்கினார். அதில் ஒன்றுதான் பிறகு விசாவில் ஏறியது.

போனில் அவர் கேட்டார்: "பாக்கானா?"

"உங்களத்தான் வே பாக்கான்" என்றார் பாய்.

அந்தப் பக்கம் அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. இந்தப் பக்கம் வேட்டிக்குள் நானும்.

"தாயி" என்றார் பாய் கொஞ்சம் பொறுத்து, "வேட்டி ஆடுது."