பெரட்டுக் குரல்

ஒருவரின் பெயரை எவ்வளவு உரக்கக் கூப்பிடுகிறோமோ அவ்வளவு மரியாதை என்று சின்ன வயதில் நம்பியிருந்தேன். நேற்று அட்டன் நகர மண்டபத்தில் சிறப்புப் பேச்சாளரை அறிமுகப்படுத்த மைக்கின் முன் நின்றபோது அது ஞாபகம் வந்தது.

அப்பா தேயிலைத் தோட்டத்தில் கங்காணி. விடிகாலைப் பனியில் அன்றைய வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் அவர் ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது மேட்டு லயத்து வீடுகள்வரை கேட்கும். கேட்டதும் கைகட்டி "இருக்கேங்க!" என்று சொல்லவேண்டும். தவறினால் அன்றைக்கு வேலை கிடையாது.

நான் படித்துக்கொண்டிருந்தபோது பள்ளிக்கூட விழாவுக்கு முத்தையா அண்ணன் பேச வந்தார். பள்ளி விடுமுறைகளில் பெரட்டில் நின்று, படித்து, எங்கள் லயத்திலிருந்து வாத்தியாரான முதல் ஆள். கோட்டுப் போட்டு, தோட்டத்து வெள்ளைக்காரத் துரைக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கொழுந்து பறிக்கும் மலையிலிருந்து நேராக வந்த அவருடைய அம்மா முன்னால் பாயில் இருந்தார். அறிமுகம் என் பொறுப்பு. மனப்பாடம் செய்ததெல்லாம் பயத்தில் ஓடிப்போக, அப்பாவின் குரல் மட்டும் வந்தது.

"முத்தையா...!"

அண்ணன் துள்ளி எழுந்து, கைகட்டி, "இருக்கேங்க!" என்றார்.

கூட்டம் அதிரச் சிரித்தது. "ஏய், வாத்தியாருக்கும் ஒரு கூடையக் குடுங்கடா!" என்று யாரோ கத்தினார்கள். துரையும் சிரித்தார். எனக்குத்தான் அந்தச் சிரிப்பு என்று நினைத்து, நானும் பெருமையாகச் சிரித்தேன்.

அண்ணன் உட்காரவில்லை. மேடையிலிருந்து இறங்கினார்.

"ரெண்டு வார்த்த பேசிட்டுப் போய்யா," என்று அவருடைய அம்மா கையைப் பிடித்தார்.

"வாறேம்மா," என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் லிந்துலை பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்.