அம்புரோசின் இடப் பக்கம்

பிரான்க்ளின் கைலியை மடித்துக் கட்டி, அப்பாவின் காரைக் கழுவிக்கொண்டிருந்தான். மாலையில் மஸ்ஜித் தானா ஊரிலிருந்து ரியாஸ் என்பவர் அதை வாங்கிப்போக வருகிறார். அப்பா அம்புரோஸ் இறந்து இருபத்தெட்டு நாள். அம்மா பிரிஜிட் உள்ளே சாப்பாட்டு மேசையருகே உட்கார்ந்திருந்தார். வெளியே வரவில்லை.

பக்கத்து வீட்டு மலர்க்கொடி வேலிக்கு வந்தார்.

"விக்கத்தான் போறியா தம்பி? என் மக பாதி இந்தக் காருக்குள்ளதான் பொறந்தா. 'இன்னும் ரெண்டு டிராபிக் லைட்தாம்மா, கொஞ்சம் அடக்கிக்க'ன்னாரு ஒங்கப்பா. என்னமோ தும்மலை அடக்கற மாதிரி."

பிரான்க்ளின் சிரித்தான்.

அம்புரோஸ் சிம்பாங் அம்பாட் பக்கத்துத் தோட்டத்தில் முப்பத்தொரு வருடம் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை லோரி ஓட்டியவர். ஓய்வுக்குப் பிறகு அக்கம்பக்கத்தாரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போவார். பின்னால் உட்கார்ந்து அழுகிறவர்களுக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. ரேடியோவை மட்டும் அணைத்துவிடுவார்.

இடது கண் மங்கியபோது பிள்ளைகளிடம் சொல்லவில்லை. எங்கே போனாலும் பிரிஜிட்டை முன் சீட்டில் ஏற்றிக்கொண்டார். ரோட்டில் திரும்பும் இடங்களில், "அந்தப் பக்கம்?" என்பார். பிரிஜிட் பார்த்து, "போலாம்" என்பார். இரண்டு வருடம் பூசைக்கும் பசாருக்கும் அப்படித்தான் போய்வந்தார்கள்.

இப்போதும் அடுப்படியில் நிற்கையில் பிரிஜிட்டுக்கு அந்தக் குரல் கேட்கிறது. கழுத்து தானாக இடப் பக்கம் திரும்புகிறது. அங்கே ஃபிரிட்ஜ்தான் இருக்கிறது.

ஈஸ்டருக்கு முந்தின வாரம், தோட்டத்துப் பாதையிலிருந்து பெரிய ரோட்டில் ஏறும்போது இடப் பக்கமிருந்து வந்த மோட்டார் சைக்கிள் மோதியது. ஓட்டிவந்தவருக்குக் கால் எலும்பு முறிந்தது. இரண்டு மாதத்தில் எழுந்து நடந்துவிட்டார். செய்தி கேட்டு ஓடிவந்த பிரான்க்ளின், ஆட்கள் பார்க்க, "கண்ணு தெரியாம எதுக்குப்பா ஓட்டறீங்க, ஆளைக் கொல்லவா?" என்று கத்தி, கார்ச் சாவியைப் பிடுங்கிக்கொண்டான்.

"என் தப்புதான்" என்றார் அம்புரோஸ்.

அதன் பிறகு யார் கூப்பிட்டும் அவர் காரில் ஏறவில்லை. பூசைக்கும் போகவில்லை. முன் அறையில் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். நாலாவது மாதம் போய்ச் சேர்ந்தார்.

பிரான்க்ளின் ஈரக் கையோடு உள்ளே வந்தான்.

"பசியாறிட்டீங்களாம்மா? முப்பதாம் நாள் பூசையில அப்பாவைப் பத்தி ரெண்டு வார்த்தை பேசச் சொல்றாரு ஃபாதர். அந்தக் கடைசி விஷயத்தை விட்டுடறேன். வயசானவங்க, சொன்னா கேக்கமாட்டாங்க லா."

"அப்பா கேட்டாரு."

"என்னது?"

"அன்னிக்கும் கேட்டாரு, அந்தப் பக்கம் எப்படின்னு. அவருக்கு அந்தக் கண்ணு தெரியாது, நான்தான் பாத்துச் சொல்லுவேன். போலாம்னேன். ஒன் தங்கச்சி வெரோனிக்காவுக்கு மீன் கறி கொண்டுபோனோம்ல, மடியில சாஞ்சு மூடி கழண்டுருச்சு. அதைப் பாத்துக்கிட்டே சொன்னேன். ரோட்டைப் பாக்கல."

பிரான்க்ளின் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டான்.

"அவரு ஏன் சொல்லல?"

"நான் ஏன் சொல்லலன்னு கேளு. நீ கத்துனப்ப பக்கத்துலதான் நின்னேன், புடவையில கொட்டுன கறியைத் தொடச்சிக்கிட்டு."

அவன் கையிலிருந்து சோப்புத் தண்ணீர் மேசையில் சொட்டியது.

"நாலு மாசம் ஒரே வீட்டுல இருந்தோம். அதைப் பத்தி அவரும் பேசல, நானும் பேசல. நான் பாக்காமதான் சொன்னேன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்குமாய்யா?"

மேசையில் சொட்டியிருந்த சோப்புத் தண்ணீரை பிரான்க்ளின் உள்ளங்கையால் துடைத்தான். நாற்காலியைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளிவைத்துவிட்டு அறையைவிட்டுப் போனான்.