அன்றைக்கு நான் லீவாம்

கார் வாங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. தோன்ற வைத்தவர் முதலாளி.

அப்போது நான் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்தேன். சரக்கு வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனியிடமிருந்து, எங்கள் பாஷையில் பையரிடமிருந்து, ஓர் ஆர்டர் வந்தால், நூல் வாங்குவதிலிருந்து பெட்டி கட்டி அனுப்புவது வரை அதன் பின்னாலேயே ஓடுகிற வேலை. சாயம் ஓரிடம், பிரிண்டிங் ஓரிடம், எம்ப்ராய்டரி இன்னோரிடம். அவிநாசிக்கும் பல்லடத்துக்கும் நடுவே என் பைக் போகாத சந்து கிடையாது. பெட்ரோல் பில்லைக் கொடுத்தால் அக்கவுண்ட்ஸில் பணம் தந்துவிடுவார்கள். அந்த ஏற்பாட்டில் எனக்கு ஒரு குறையும் இருக்கவில்லை.

ஒருநாள் முதலாளி கூப்பிட்டு உட்காரச் சொன்னார். வேலைக்காரர்களை உட்காரச் சொல்லித்தான் பேசுவார். கடைநிலை ஹெல்பரைக்கூட ‘ங்க’ போடாமல் அழைத்ததை நான் கேட்டதில்லை.

“தம்பி, நீங்க ஒரு காரு எடுத்துப் போடுங்க. பையர் ஆபீஸ் ஆளுகளப் பைக்குலயா வெச்சுக் கூட்டிட்டு வர முடியுமுங்க? கிலோமீட்டருக்கு இவ்வளவுன்னு கம்பெனி குடுத்துரும். ஊட்டுக்கும் ஒரு வண்டி ஆச்சுங்க.”

கடைசி வாக்கியத்தில்தான் விழுந்தேன். நானும் மனைவியும் தெற்கேயிருந்து பிழைக்க வந்தவர்கள். ஊருக்குப் போக வேண்டுமென்றால் பண்டிகைக் கூட்டத்தில் பஸ் படியில் பையை வீசி இடம் பிடிக்க வேண்டும். அவள் வேறொரு கம்பெனியில் செக்கிங் டேபிளில் நிற்கிறாள். தைத்த துணியில் குறை இருக்கிறதா என்று நாள் முழுக்க நின்றே பார்க்கிற வேலை. கார் என்றதும் அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்த பிறகு நான் கணக்குப் போடவே இல்லை. லோன் போட்டு ஒரு பழைய காரை எடுத்தோம். பங்குச்சாமியார் தண்ணீர் தெளித்து மந்திரித்துக் கொடுத்தார். அவள் முன் சீட்டில் ஏறி, பெல்ட்டை எப்படிப் போடுவது என்று கேட்டுப் போட்டுக்கொண்டாள்.

தொடக்கத்தில் எல்லாம் சரியாகத்தான் நடந்தது. கோயம்புத்தூர் விமான நிலையத்தில் பையர் ஆபீஸ் ஆட்களை ஏற்றிக்கொண்டு வருவேன். மாதக் கடைசியில் சொன்ன பணம் வரும். பிறகு மெதுவாக மற்ற சாமான்களும் ஏறத் தொடங்கின. லேபிள், பட்டன், சாயம் போட்ட துணிச் சாம்பிள், அவசரமென்றால் தைப்பதற்கு வெட்டி வைத்த கட்டிங் பீஸ் பண்டல். “டெம்போ வர நேரமாகுமுங்க, நீங்க அந்தப் பக்கந்தானே போறீங்க” என்பார்கள். டெம்போவுக்கு வாடகை உண்டு. எனக்கு, எப்படியும் அந்தப் பக்கம்தானே போகிறேன்.

ஒரு தடவை சாயப்பட்டறையில் சரியாகக் காயாத சிவப்புத் துணியைப் பாலிதீன் பையில் போட்டுக் கொடுத்தார்கள். பை கிழிந்து முன் சீட்டெல்லாம் சாயம் இறங்கிவிட்டது. துடைத்துக் காயவிட்டது போதும் என்று நினைத்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாணத்துக்குப் போனோம். இறங்கி நடந்தபோது மனைவியின் சந்தனநிறச் சேலையின் பின்புறம் கறையோடு இருந்ததை அங்கிருந்த ஒரு பெண்தான் காதில் சொன்னாள். பந்தியில் உட்காராமலே திரும்பிவிட்டோம். வழியில் அவள் கேட்டாள்.

“இது நம்ம வண்டியா, அவுக வண்டியா? எனக்கு வெளங்கலை.”

நான் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினேன்.

இதற்கிடையே முதலாளியின் மகன் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்து நிர்வாகத்தில் உட்கார்ந்தார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். எல்லாமே சிஸ்டத்தில் இருக்க வேண்டும் அவருக்கு. போனில் ஒரு ஆப் போடச் சொன்னார். கம்பெனி வாசலிலிருந்து சாயம், பிரிண்டிங் நடக்கிற யூனிட்டுக்கு எது குறுக்கு வழியோ அந்தத் தூரத்தை அதுவே எடுத்துக்கொள்ளும். பாலம் வேலை நடந்து சுற்றிப் போனதும், யூனிட்டில் சரக்கு ஆகவில்லை என்று மறுபடி போனதும் அதற்குத் தெரியாது. பெட்ரோல் ஏறியபோதும் கிலோமீட்டர் பணம் ஏறவில்லை. டயர் தேய்ந்தது, கிளட்ச் போனது, எல்லாம் என் சம்பளத்திலிருந்து.

ஒருநாள் தைரியமாகப் போய்க் கேட்டேன்.

“அண்ணா, வண்டிய நீங்க ஊட்டுக்கும் யூஸ் பண்றீங்கள்ல? அதுக்கு நாங்க ஏதாச்சும் கேக்கறமா?” என்றார் சிரித்துக்கொண்டே.

என் வண்டியை என் வீட்டுக்கு நான் ஓட்டுவது அவர் எனக்குச் செய்யும் சலுகை என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். பதில் வாய்வரை வந்தது. மாதாந்திரத் தவணை நினைவுக்கு வந்தது. “சரிங்க சார்” என்றேன். இத்தனை வருடத்தில் நானும் ‘ங்க’ பழகியிருந்தேன்.

விபத்து ஒரு மத்தியானம் நடந்தது. எம்ப்ராய்டரிக்குப் போக வேண்டிய பண்டல்களைப் பின் சீட்டிலும் டிக்கியிலும் அடைத்துக்கொண்டு பல்லடம் ரோட்டில் போய்க்கொண்டிருந்தேன். முன்னால் போன கோழி லாரி சட்டென்று நின்றது. நானும் நிறுத்தினேன். பின்னால் வந்த தனியார் பஸ் நிறுத்தவில்லை. காரின் பின்பக்கம் உள்ளே போய், முன்பக்கம் லாரியில் இடித்து நின்றது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த வலது கையில் ஏதோ முறிந்த மாதிரி இருந்தது. பண்டல்கள் மட்டும் நடுவில் இருந்திருக்காவிட்டால் என் முதுகும் போயிருக்கும் என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார்.

பஸ் கண்டக்டர் இறங்கி வந்து, டைம் போச்சு என்று என்னைத்தான் திட்டினார். பயணிகளும் அவரோடு சேர்ந்துகொண்டார்கள். கூட்டம் ரெண்டுபட்டுச் சத்தம் போட்டுக்கொண்டிருக்கையில் பஸ் நகர்ந்து போய்விட்டது. நான் நம்பரைக்கூடப் பார்க்கவில்லை.

இடது கையால் கம்பெனிக்குப் போன் செய்தேன். எடுத்தவர் புரொடக்‌ஷன் மேனேஜர்.

“அய்யய்யோ. பீஸுக்கு ஒண்ணும் ஆகலீங்களே?”

“பீஸ் நல்லாத்தான் இருக்கு சார்.”

“அப்பாடா. டெம்போ அனுப்பறேனுங்க. அது வர்ற வரைக்கும் வண்டிகிட்டயே நில்லுங்க, யாராச்சும் பண்டலத் தூக்கிட்டுப் போயிருவாங்க.”

நின்றேன். இன்று நினைத்தாலும் உடம்பு எரிவது அதற்குத்தான். கை வீங்கிக்கொண்டே போக, வெயிலில், என் உடைந்த காருக்குப் பக்கத்தில் அவர்களுடைய துணிக்குக் காவல் நின்றேன். டெம்போ வந்தது. பண்டல்களை மாற்றி ஏற்றிக்கொண்டு எம்ப்ராய்டரி யூனிட் பக்கம் போனது. சரக்கு அவசரம், திரும்பும்போது ஏற்றிக்கொள்கிறேன் என்றார் டிரைவர். நான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். மணிக்கட்டில் எலும்பு விரிசல். மாவுக்கட்டுப் போட்டார்கள்.

இரண்டொரு நாளில் எச்.ஆரிலிருந்து ஒருவர் பழம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மனைவி காப்பி கொடுத்தாள். அவர் கையை நலம் விசாரித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

“டூட்டில இருந்தப்ப ஆச்சுன்னு போனா கம்பெனிக்குத் தொந்தரவுங்க. உங்களுக்கும் இன்சூரன்ஸ்ல இழுப்பாங்க. சொந்த வண்டில சரக்கு ஏத்துனது அவங்களுக்குத் தெரிஞ்சா ஒத்தப் பைசா தர மாட்டாங்க. அதனால அன்னிக்கு லீவுன்னு ஒரு லெட்டர் குடுத்துருங்க. ரெண்டு பேருக்கும் நல்லதுங்க.”

மனைவி கதவுப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

“லீவுல இருந்தவுக எதுக்கு உங்க துணியத் தூக்கிட்டு வெயில்ல நின்னாக?” என்றாள்.

அவர் காப்பியைக் குடித்து முடித்தார். லெட்டரை அவரே எழுதிக்கொண்டு வந்திருந்தார். எனக்கு வலது கை மாவுக்கட்டில் இருந்ததால் இடது கையால் கையெழுத்துப் போட்டேன். கோணலாக வந்தது. பரவாயில்லைங்க, போதும் என்றார். லோன் இருந்தது, வண்டி பட்டறையில் நின்றது. வேறென்ன செய்திருக்க முடியும் என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. இன்சூரன்ஸில் கொஞ்சம் வந்தது. மீதியை மனைவியின் பி.எஃப். பணத்திலிருந்து கொடுத்து வண்டியை எடுத்தோம்.

மாத முடிவில் சம்பளம் வந்தபோது ஒருநாள் சம்பளம் குறைந்திருந்தது. கட்டுப் போட்டிருந்த நாட்களைச் சிக் லீவில் கழித்துவிட்டார்கள், அது வேறு. இது விபத்து நடந்த நாள். அக்கவுண்ட்ஸ் பெண்ணிடம் கேட்டேன். அவள் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, “அன்னிக்கு நீங்க லீவுங்களே அண்ணா. கேஷுவல் லீவு பாக்கி இல்லீங்க, அதான் புடிச்சிருக்கு” என்றாள். அன்று ஓட்டிய கிலோமீட்டருக்கும் பணம் இல்லை. லீவில் இருந்தவன் எப்படிக் கம்பெனிக்காக ஓட்டியிருப்பான்? ஒன்றோடு ஒன்று கச்சிதமாகப் பொருந்தியிருந்தது. சிஸ்டத்தில் ஒரு பிழையும் இல்லை.

நேரே முதலாளியிடம் போனேன். உட்காரச் சொன்னார். டீ வந்தது. நான் சொன்னதை முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

“ஒரு நாள் சம்பளந்தானுங்க தம்பி. இதப் போயிப் பெருசு பண்ணிக்கிட்டு. நம்ம கம்பெனின்னு நெனச்சு இருக்கறவரு நீங்க.”

“கம்பெனி நம்ம கம்பெனிங்க. வண்டி மட்டும் என் வண்டியாங்க?”

என் வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று எனக்கே ஆச்சரியம். அவர் முகம் மாறவில்லை. “யோசிச்சுப் பேசுங்க” என்று மட்டும் சொன்னார். அதிலும் ‘ங்க’ இருந்தது. டீயைக் குடிக்காமல் எழுந்து வந்தேன்.

மறுநாளிலிருந்து காரை வீட்டிலேயே விட்டுவிட்டு டவுன் பஸ்ஸில் வேலைக்குப் போனேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. வேலையை விட்டுப் போங்கள் என்று சொல்லவுமில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்த ஆர்டர்கள் ஒவ்வொன்றாக இன்னொருவருக்குப் போயின. என் செக்‌ஷனிலேயே இருந்தவர், கல்யாணமான புதிது, அடுத்த மாதமே ஒரு வெள்ளைக் கார் எடுத்திருந்தார். என்னிடம் ஸ்வீட் நீட்டினார். லோன் எந்த பேங்க் என்று கேட்டேன், அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பொறாமை என்று நினைத்திருப்பார். என்னைப் பேக்கிங்கில் பெட்டி எண்ணவிட்டார்கள். ஒரு தீபாவளி போனஸ் வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு நானாகவே நின்றுகொண்டேன். அவர்களும் அதற்குத்தான் காத்திருந்தார்கள்.

பிறகு வேலை தேடிப் போன இடங்களிலெல்லாம், அனுபவத்தைக் கேட்பதற்கு முன்பே, “சொந்த வண்டி இருக்குங்களா?” என்று கேட்டார்கள்.

“இருக்குங்க. ஆனா அது வேலைக்கு வராதுங்க.”

“சரிங்க, சொல்லியனுப்பறோமுங்க” என்பார்கள். சொல்லியனுப்பவில்லை. கடைசியில் அவிநாசிப் பக்கம் ஒரு சின்ன யூனிட்டில் உள்வேலையாகக் கிடைத்தது. முன்பு வாங்கியதைவிடக் குறைவான சம்பளம். கார் லோன் இன்னும் ஓடுகிறது. வாசலில் நிற்கிற வண்டியை எடுக்கவே மனசு வருவதில்லை. போன பண்டிகைக்கு மனைவிதான், “பஸ்லயே போவோம்” என்றாள். பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம்.