கையால் கொடுத்த மூச்சு

மத்தியானம் திராட்சைத் தோட்டத்தில் பூச்சிமருந்து அடித்துவிட்டு என் வீட்டுக்காரர் வந்தபோது வாயோரம் எச்சில் வழிந்துகொண்டிருந்தது. காமயகவுண்டன்பட்டியில் எங்களுக்கு இருப்பது முக்கால் ஏக்கர் பந்தல். வெக்கை தாங்காமல் சட்டையைக் கழற்றிவிட்டு அடித்திருக்கிறார். முதுகில் மாட்டிய ஸ்பிரேயர் ஒழுகியிருக்கிறது.

"கண்ணு மங்கலாத் தெரியுது புள்ள" என்றார். கண்மணி குண்டூசித் தலையளவு சுருங்கியிருந்தது. அப்படியே ஆட்டோவில் ஏற்றிக் கம்பம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "உடம்பைக் கழுவுனீங்களா?"

"இல்லம்மா. வாய்ல ஒண்ணும் படலன்னு சொன்னாக."

"தோல் வழியா இன்னும் உள்ள போய்க்கிட்டு இருக்கு. மொதல்ல சோப்புப் போட்டுக் கழுவுங்க."

ஆட்டோவில் வந்த அரை மணி நேரமும் அவர் தோல் விஷத்தைக் குடித்துக்கொண்டிருந்ததை நினைத்து, இன்னொரு தடவை சோப்புப் போட்டுத் தேய்த்தேன். நரம்பு உத்தரவு போடும், தசையும் சுரப்பியும் வேலை செய்யும், வேலை முடிந்ததும் அந்த உத்தரவை அழிக்க உடம்பிலேயே ஒரு பொருள் இருக்கிறது, அதைத்தான் இந்த மருந்து கட்டிப்போட்டுவிட்டது என்று டாக்டரம்மா விளக்கினார். "உத்தரவு அழியாம நிக்குது. அதான் எச்சிலும் சளியும் ஊறிக்கிட்டே இருக்கு."

ஊசிமேல் ஊசி போட்டார்கள். சாயங்காலம் எச்சில் நின்றது. டீ கேட்டார். பிழைத்துவிட்டார் என்றே நினைத்தேன்.

மறுநாள் காலையில், "தலையத் தூக்க முடியல" என்றார். நர்ஸின் முகம் மாறியது. "கழுத்துல ஆரம்பிச்சா அடுத்து மூச்சு இழுக்குற தசைக்கு வந்துரும்க்கா." வெகு நேரம் ஆகவில்லை, நெஞ்சு ஏறி இறங்குவது நின்றுபோனது. தொண்டையில் குழாய் போட்டு, தேனிக்கு ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள்.

கூட வந்த ஆம்புலன்ஸ் பையனுக்குக் குழாயில் அடைத்த சளியை உறிஞ்சி எடுக்கவே நேரம் போதவில்லை. குழாயோடு சேர்ந்த ரப்பர் பையை என் கையில் திணித்தான். "அமுக்குங்க, விடுங்க. நீங்க மூச்சு விடுறப்பல்லாம் அவருக்கும் ஒண்ணு. நிப்பாட்டிராதீங்க."

நான் அமுக்கினால் அவர் நெஞ்சு உயர்ந்தது. விட்டால் தாழ்ந்தது. உத்தமபாளையம் தாண்டியதுமே விரல்கள் மரத்துவிட்டன. சின்னமனூரில் வாழைத்தார் லாரி ஒன்று வழிமறித்து நின்றது. அதைப் பார்த்ததில் ஒரு அமுக்கு தவறியது. "அமுக்குங்கக்கா!" என்று அவன் கத்தினான். அவர் கண்ணோரம் நீர் வழிந்தது. விஷத்தாலா, அழுகிறாரா என்று தெரியவில்லை. நினைவு இருந்திருக்குமோ என்று இப்போதும் யோசிக்கிறேன். வீரபாண்டிக் கோயிலைக் கடந்தபோது கும்பிடக் கை இல்லை.

தேனியில் மூச்சு மெஷினை மாட்டினார்கள். எத்தனை நாள் என்று கேட்டேன்.

"விஷம் கெடுத்த அந்தப் பொருளை உடம்பேதாம்மா புதுசா உண்டாக்கணும். அதுவரைக்கும் நாங்க மூச்சு மட்டுந்தான் கொடுக்க முடியும்" என்றார் டாக்டர்.

பதின்மூன்று நாள் தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே கிடந்தேன். ஒன்பதாம் நாள் கழுத்தை லேசாகத் திருப்பினார் என்று வந்து சொன்னார்கள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. முதல் நாள் டீ கேட்டவர்தானே.

வீட்டுக்கு வந்துவிட்டார். குரல் கரகரப்பாகவே நின்றுவிட்டது. நாலு படி ஏறினால் கால் உதறுகிறது. பந்தலைக் குத்தகைக்கு விட்டுவிட்டோம். பக்கத்துத் தோட்டத்தில் மருந்து வாடை வந்தால் ஓடிப்போய்ச் சன்னலைச் சாத்துகிறேன். அவர் சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.